மலையேறாத நீதி

திருவண்ணாமலையில் வாழும் நமக்கு மலை புதிதன்று. கண் விழித்தால் மலை. கதவு திறந்தால் மலை. முழுநிலா நாளில் அதனை வலம் வர மக்கள் திரள் திரளாக வருகின்றனர். கார்த்திகைத் தீபத்தன்றோ ஊரே மனிதக் கடலாகி அலைபுரண்டு எழுகிறது. மலையைத் தேடி மக்கள் வரும் ஊர் இது!

ஆனால், நம் மாவட்டத்தில் இன்னொரு மலையும் உண்டு. போளூருக்கும் செங்கத்துக்கும் அப்பால் நீண்டு கிடக்கும் ஜவ்வாது மலை. அதனை வலம் வருவார் இல்லை. அங்கிருந்து இறங்கி வருவாரே உண்டு. சாமையும் புளியும் தேனும் மூட்டை கட்டிச் சந்தைக்கு இறங்கி வருவர். நோய் முற்றிய பின் மருத்துவமனைக்கு இறங்கி வருவர். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க இறங்கி வருவர். இன்னொன்றுக்கும் இறங்கி வருவர். வாய்தாவுக்கு!

அண்மையில் ஒரு நாள், ஆட்சியின் மூன்று உறுப்புகளைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். "உயர்நீதிமன்றம் எளியோரின் புகலிடம், வலியோர் முன் மெலியோர் தலைநிமிர்ந்து நிற்கும் இடம்" என்று பெருமிதத்தோடு கூறி முடித்தோம். நான்கு நாட்கள் பள்ளிக்கு வராதிருந்து அன்றுதான் திரும்பிய மலைவாழ் மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். தந்தைக்கு நில வழக்கு. வந்த அழைப்பைப் படித்துச் சொல்ல வீட்டில் வேறு எவரும் இல்லை. ஆகவே, பையனையும் அழைத்துக்கொண்டு தந்தை மலையிறங்கி வந்திருக்கிறார். மன்ற வாசலில் காலை முதல் மாலை வரை காத்திருந்திருக்கின்றனர். கிடைத்தது இன்னொரு தேதி.

"நீதி வேணும்னா நாங்கதான் கீழே இறங்கி வரணுமா, சார்? அது மேலே ஏறி வராதா?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை, விடையும் வரவில்லை. வீடு திரும்பி ஏடுகளைப் புரட்டினோம். அப்போதுதான் தெரிந்தது, அந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் அவனல்லன் என்பது. வடக்கே ஒரு மலைநாடு, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அதே கேள்வியைக் கேட்டது. மனுவால் கேட்டது, வில்லால் கேட்டது, உயிரால் கேட்டது. அந்நாட்டின் பெயர் சார்க்கண்ட். அதன் உயர்நீதிமன்றம் ராஞ்சி நகரில் இருக்கிறது. அம்மன்றம் அங்கு வந்து சேர்ந்த கதையைச் சொன்னால், நம் மாணவனின் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். எஞ்சிய பாதியை நாம்தான் தேட வேண்டும்.

*

எங்கோ கிடக்கும் சோட்டா நாகபுரி மேட்டுநிலத்துக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு; ஒட்டுறவே உண்டு. அங்கே வாழும் முண்டா, ஹோ, சந்தால் மக்கள் வேறொரு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். ஆனால், அவர்களோடு தோளோடு தோள் நின்று உழும் ஒராவோன் மக்கள் பேசும் குருக் மொழி, தமிழின் உறவுமொழி. அருகே ராஜ்மகால் குன்றுகளில் வழங்கும் மால்தோவும் அவ்வாறே. பல்லை அவர்கள் பல் என்றே சொல்கின்றனர். கண்ணுக்கு அவர்கள் வழங்கும் சொல் நம் கண்ணின் உடன்பிறப்பு. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும்போது நாம் என்ன சொல்கிறோமோ, அதையே அவர்களும் சொல்கின்றனர்: "நாம்". 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 20 இலட்சம் பேர் குருக் பேசுகின்றனர். ஆயிரம் கல் தொலைவில் இருந்தாலும், அவர்கள் கதை "அவர்கள்" கதையன்று, நம் கதை!

காட்டை வெட்டிக் கழனியாக்கியவன் எவனோ, அவன் வழியினருக்கே நிலம் உரியது. இதுவே அம்மக்களின் பழஞ்சட்டம். அதற்கு ஏடில்லை, முத்திரையில்லை. ஊர் மூத்தோர் நினைவே பதிவேடு. முன்னோர் புதைந்த கல்லே எல்லைக்கல். வழக்கு நேர்ந்தால் ஊரார் மரத்தடியில் கூடுவர். சொந்த மொழியில் பேசுவர். அன்றே தீர்ப்பு, அங்கேயே தீர்ப்பு.

1765ஆம் ஆண்டு வங்காளம், பீகார், ஒரிசாப் பகுதிகளில் வரி தண்டும் உரிமை கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்தது. 1793ஆம் ஆண்டு நிலையான நிலவரித் திட்டம் வந்தது. வரி கட்டுபவனுக்கே நிலம் என்றது புதுச்சட்டம். காடு திருத்தியவன் குடியானவனானான். ஏட்டில் பெயரெழுதிக்கொண்டவன் நிலக்கிழானானான். வெளியிலிருந்து குத்தகைக்காரர் வந்தனர், வட்டிக்கடைக்காரர் வந்தனர். அவர்களை அம்மக்கள் "திக்கு" என்றழைத்தனர். அயலான் என்று பொருள்.

அயலானை எதிர்த்து வழக்காட எங்கே போவது? மேட்டுநிலத்துக்கு வெளியே, சத்ராவிலும் ஷேர்காட்டியிலும் மாறி மாறி அமர்ந்தது கும்பினியாரின் மன்றம். அங்கே வழங்கிய மொழி பாரசீகம்! முண்டா மொழி பேசுபவன் நாள்கணக்கில் நடந்து சென்று, தனக்குத் தெரியாத மொழியில், தன்னைத் தெரியாத ஒருவரிடம், தன் பாட்டன் திருத்திய நிலம் தன்னுடையதே என மெய்ப்பிக்க வேண்டும். எதிரி கையில் பத்திரம் இருக்கிறது. இவன் கையில் மண் ஒட்டியிருக்கிறது. மன்றத்தில் மண் பேசாது, பத்திரம் பேசும்!

1831ஆம் ஆண்டு இறுதியில் அம்மேட்டுநிலம் தீப்பற்றி எரிந்தது. கோல் கிளர்ச்சி என்று வரலாறு அதைக் குறிக்கிறது. முண்டாக்களும் ஒராவோன்களும் ஹோக்களும் எழுந்தனர். 1832இல் படை வந்து அடக்கியது. அடக்கிய பின்தான் ஆள்வோர் காரணம் தேடினர். பொதுச்சட்டமும் தொலைதூர மன்றமும் இங்குப் பொருந்தா என்று கண்டனர். 1833ஆம் ஆண்டின் 13ஆம் ஒழுங்குமுறையால் அப்பகுதியைப் பொதுச்சட்ட வரம்பினின்றும் விலக்கித் தென்மேற்கு எல்லைப்புற முகமை என்ற தனி ஆட்சியில் வைத்தனர். அதன் தலைவர் தாமஸ் வில்கின்சன், 1837ஆம் ஆண்டு கோல்ஹான் பகுதிக்கு விதிகள் வகுத்தார். சிறு வழக்குகளை முண்டா, மான்கி என்னும் ஊர்த்தலைவர்களே தீர்க்கலாம் என்பது அவற்றின் சாரம்.

நன்மைதானே என்று தோன்றும். பாதி நன்மை! ஊர்த்தலைவருக்கு மேலே இருந்தவர் யார்? வரி தண்டும் அதே அதிகாரி. அவரே ஆள்பவர், அவரே வழக்குக் கேட்பவர். ராஞ்சியில் நீதி ஆணையர் என்ற பதவி பின்னாளில் வந்தது. ஆட்சியும் நீதியும் ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்த காலத்தின் நினைவாக அப்பெயர் நெடுங்காலம் நீடித்தது.

*

பாடம் கற்றனரா ஆள்வோர்? இல்லை. கால் நூற்றாண்டு கழியுமுன் கிழக்கே சந்தால் மக்கள் எழுந்தனர். 1855 ஜூன் 30ஆம் நாள், பொக்னாதி என்னும் ஊரில் சித்து, கானு என்ற உடன்பிறந்தார் தலைமையில் ஆயிரமாயிரமாகக் கூடினர். வட்டிக்குள் வட்டியாகப் பெருகிய கடன், பொய்க்கணக்கு, கொத்தடிமை ஆகியன காரணம். முறையிட வேண்டிய மன்றமோ பாகல்பூர் போன்ற தொலைதூர நகரங்களில். அங்குச் செல்லக் காசு இல்லாதவனே கடனாளி. கடனாளியிடம் காசு கேட்டது நீதி! கிளர்ச்சியில் பல்லாயிரவர் மாண்டனர். அதன் பிறகு, அதே ஆண்டின் 37ஆம் சட்டத்தால் சந்தால் பர்கானா என்னும் தனி நிலப்பகுதி அமைந்தது.

பிணம் விழுந்த பின் சட்டம் பிறக்கிறது. இந்த முறைகேடான முறையை நாம் இக்கதை நெடுகக் காண்கிறோம்.

இதனிடையே 1862ஆம் ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் உயர்நீதிமன்றங்கள் தோன்றின. சோட்டா நாகபுரியின் மேல்முறையீடுகள் கல்கத்தாவுக்குச் செல்ல வேண்டும். சற்றொப்ப 400 கிலோமீட்டர்! ஆயினும், முண்டா மக்களின் தலைவர்கள், "சர்தார்கள்" எனப்பட்டோர், தளராமல் மனுப்போர் நடத்தினர். 1858 முதல் ஏறத்தாழ 40 ஆண்டுகள். ராஞ்சிக்கு மனு, கல்கத்தாவுக்கு மனு, கடல் கடந்து இலண்டனுக்கும் மனு. நிலம் மீளவில்லை. ஏடு நம்பிய கைகள் சோர்ந்தன.

சோர்ந்த கைகளின் நடுவே ஓர் இளங்கை உயர்ந்தது. பிர்சா முண்டா! 1875 நவம்பர் 15இல் உலிகாத்துச் சிற்றூரில் பிறந்தவன். பாதிப் படிப்போடு பள்ளியை விட்டவன். அவன் தூண்டிய உல்குலான், அதாவது பெருங்கிளர்ச்சி, 1899ஆம் ஆண்டின் இறுதியில் மூண்டது. 1900 பிப்ரவரியில் பிடிபட்டான். ராஞ்சிச் சிறையில் அடைக்கப்பட்டான். 1900 ஜூன் 9ஆம் நாள், சிறைக்குள்ளேயே இறந்தான். வாந்திபேதி என்றனர் ஆள்வோர். வயது 24.

படிப்போர் ஒன்றைக் கருத வேண்டும். உல்குலான் வழக்கில் பிர்சா தூக்கிலிடப்பட்டவன் அல்லன், தண்டிக்கப்பட்டவனும் அல்லன். அவ்வழக்கில் அவன் மீது தீர்ப்பே வரவில்லை. குற்றவாளி என்றும் சொல்லாமல், குற்றமற்றவன் என்றும் சொல்லாமல், விசாரணைக் கைதியாகவே அவன் வாழ்வை முடித்து வைத்தது அந்நாளைய நீதி.

அவன் மறைந்து எட்டாண்டுகள் சென்ற பின், 1908ஆம் ஆண்டு சோட்டா நாகபுரிக் குடிவாரச் சட்டம் வந்தது. பழங்குடியினர் நிலம் பிறர் கைக்கு மாறுவதை அதன் 46ஆம் பிரிவு தடுத்தது. கேட்டபோது கிடைக்கவில்லை, கேட்டவன் போன பின் கிடைத்தது!

*

1912ஆம் ஆண்டு வங்காளத்தினின்றும் பீகாரும் ஒரிசாவும் பிரிந்தன. 1916ஆம் ஆண்டு பாட்னாவில் உயர்நீதிமன்றம் தோன்றியது. கல்கத்தா போய்ப் பாட்னா வந்தது. 400 கிலோமீட்டர் தேய்ந்து 300ஐ ஒட்டியதாயிற்று. கங்கைக் கரை நகரம் அது. மலைநாட்டானுக்கு அதுவும் அயல்நாடே.

நாடு விடுதலை பெற்றது. அரசியல் சட்ட அவையில் மலைமக்களின் குரலாக ஒருவர் முழங்கினார். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஹாக்கித் தங்கம் வென்ற அணியின் தலைவர் ஜெய்பால் சிங் முண்டாதான் அவர். மலைநாட்டுக்குத் தனி மாநிலம் வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 1955ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு ஆணையம் அதை ஏற்கவில்லை. 1970இல் அவர் மறைந்தார், கோரிக்கை மறையவில்லை.

மாநிலம் வருமுன் மன்றம் சிறுகச் சிறுக வந்தது. 1972 மார்ச் 6ஆம் நாள், பாட்னா உயர்நீதிமன்றத்தின் சுற்றமர்வு ராஞ்சியில் தொடங்கியது. நீதிபதிகள் வந்து அமர்ந்து வழக்குக் கேட்டுத் திரும்புவர். 1976 ஏப்ரல் 8ஆம் நாள், நாடாளுமன்றச் சட்டத்தின்படி அது நிலையான கிளையாயிற்று. 2000 நவம்பர் 15ஆம் நாள், பீகார் மறுசீரமைப்புச் சட்டத்தின்படி சார்க்கண்ட் மாநிலம் மலர்ந்தது. அன்றே சார்க்கண்ட் உயர்நீதிமன்றமும் மலர்ந்தது. நவம்பர் 15 என்ன நாள்? பிர்சாவின் பிறந்த நாள்! எந்த ராஞ்சியில் தீர்ப்புக் காணாமல் அவன் மாண்டானோ, அதே ராஞ்சியில், அவன் பிறந்த நாளில் தீர்ப்பு வழங்கும் தலைமை மன்றம் எழுந்தது. கோல் கிளர்ச்சி அடங்கிய 1832இலிருந்து கணக்கிட்டால், மலைநாட்டுக்கு உயர்நீதிமன்றம் வந்து சேர 168 ஆண்டுகள்!

2023 மே 24ஆம் நாள், ராஞ்சியின் துர்வா பகுதியில் அம்மன்றத்தின் புதிய மாளிகை திறக்கப்பட்டது. வளாகம் 165 ஏக்கர். திறந்து வைத்தவர் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு. சந்தால் குலத்தில் பிறந்த பெண்மணி. சித்துவும் கானுவும் எந்த நீதிக்காக எழுந்தனரோ, அந்த நீதியின் வாயிற்கதவை அவர்கள் குலமகளே திறந்து வைத்தார். வரலாறு சில வேளை அழகாகவே கணக்குத் தீர்க்கிறது.

*

இத்துடன் கதையை முடித்தால் இனிக்கும். ஆனால், நம் மாணவன் கேட்டது மன்றம் எங்கே இருக்கிறது என்பதையன்று. நீதி ஏறி வருமா என்பதை. மன்றம் அருகில் வந்தது, சரி. நீதி அருகில் வந்ததா?

பட்டியல் பகுதிகளின் ஊராட்சிகளில் தலைவர் பதவியைப் பழங்குடியினருக்கே ஒதுக்க 1996ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது. அவ்வொதுக்கீடு செல்லாது என்று 2005ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது எந்த மன்றம்? மலைமக்கள் மண்ணில் எழுந்த சார்க்கண்ட் உயர்நீதிமன்றமே! 2010 ஜனவரியில் அத்தீர்ப்பை மாற்றி ஒதுக்கீடு செல்லும் என்று கூறியதோ, தொலைவில் தில்லியில் இருக்கும் உச்சநீதிமன்றம். அவ்வாண்டு இறுதியில்தான், 32 ஆண்டுகளுக்குப் பின், அங்கு ஊராட்சித் தேர்தல் நடைபெற்றது. ஆகவே, அண்மை ஒன்றே அறமாகிவிடாது. தொலைவு ஒன்றே தீமையுமாகாது. கல்லும் சுண்ணமும் கொண்டு மன்றத்தை நெருங்கக் கட்டிவிடலாம். மன்றத்தின் மனத்தை நெருங்கச் செய்வதே அரிய பணி.

இன்னொரு சான்று. இது நம் நெஞ்சைச் சுடும் சான்று. தமிழன் ஒருவனைப் பற்றியது. திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937ஆம் ஆண்டு பிறந்தவர் ஸ்டேன் சாமி. ஏசு சபைத் துறவி. சார்க்கண்ட் மலைமக்களிடையே பல்லாண்டு வாழ்ந்தவர். தீவிரவாதிகள் என்ற குற்றச்சாட்டில் பிணையின்றிச் சிறையில் வாடும் பழங்குடி இளைஞரைப் பற்றி ஆராய்ந்தார். அவர்கள் வழக்கை விரைந்து நடத்துக என்று சார்க்கண்ட் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2020 அக்டோபர் 8ஆம் நாள், பீமா கோரேகான் வழக்கில் அவரே கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டை மறுத்தார். நடுக்க நோயால் குவளையைப் பிடித்துப் பருக இயலாத அம்முதியவர், உறிஞ்சுகுழலுக்காக மன்றத்தில் மனுப்போட நேர்ந்தது! பிணை மனு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தபோதே, 2021 ஜூலை 5ஆம் நாள் மறைந்தார். வயது 84.

1900இல் ராஞ்சிச் சிறையில் 24 வயது பிர்சா. 2021இல் 84 வயது ஸ்டேன் சாமி. ஒருவர் அயலார் ஆட்சியில். மற்றவர் நம்மவர் ஆட்சியில். இருவர் மீதும் தீர்ப்பு இல்லை. இருவரும் விசாரணைக் கைதிகள். ஒன்றே கால் நூற்றாண்டில் நாம் நடந்த தொலைவு இவ்வளவுதானா?

இவ்விருவர் பெயர் பெற்றவர்கள். ஆதலால் நாம் அறிவோம். பெயரற்றவர் எத்தனை பேர்! ராஞ்சி பீகாரில் இருந்த காலத்தில், 1979ஆம் ஆண்டு, அம்மாநிலச் சிறைகளின் நிலை உச்சநீதிமன்றத்தில் வெளிப்பட்டது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் எத்தனை ஆண்டு தண்டனையோ, அதற்கும் மேற்பட்ட ஆண்டுகளை விசாரணையின்றியே கழித்தவர் அங்கே இருந்தனர். ஹுசைனாரா கத்தூன் வழக்கு என்று அது பெயர் பெற்றது. விரைவான விசாரணை, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் கூறு என்று மன்றம் அறிவித்தது. சிறப்பான தீர்ப்பு, சிறைக்கதவுகளைத் திறந்த தீர்ப்பு. ஆனால், 2022ஆம் ஆண்டுக் கணக்கிலும் இந்தியச் சிறையிலிருந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகளே!

*

தொலைவு பல வகை. கல் கணக்கில் அளக்கும் தொலைவு ஒன்று. காசுக் கணக்கில் அளப்பது மற்றொன்று. பிணை கிடைத்தும் பிணையாளர் கிடைக்காமல் சிறையிலேயே கிடப்பவன் இரண்டாம் தொலைவை அறிவான். மூன்றாவது, மொழித்தொலைவு.

சத்ராவில் அன்று பாரசீகம். ராஞ்சியில் பின்னர் இந்தியும் ஆங்கிலமும். ஒராவோன் தாயின் குருக் மொழி அன்றும் வெளியே, இன்றும் வெளியே. 2003ஆம் ஆண்டு 92ஆம் திருத்தத்தால் சந்தாலி மொழி எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. குருக்கும் முண்டாரியும் ஹோவும் பெறவில்லை. உயர்நீதிமன்ற மொழி ஆங்கிலம் என்பது அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவு. குடியரசுத் தலைவர் இசைவோடு வேறு மொழியும் வழங்கலாம் என்ற வழியும் அதில் உண்டு. அவ்வழியில் ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கும் இந்திக்கு இடம் பெற்றன. 2006ஆம் ஆண்டு டிசம்பரில் நம் சட்டமன்றம், சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழ் வழங்கத் தீர்மானம் இயற்றி அனுப்பியது. அது ஏற்கப்படவில்லை. தமிழுக்கே வாயில் திறக்கவில்லை எனில், குருக் மொழிக்கு யார் திறப்பர்?

சிலப்பதிகாரக் கதையை நாம் வகுப்பில் சொல்வதுண்டு. கோவலனை விசாரணையின்றிக் கொன்றது பாண்டியன் செய்த பிழை. ஆனால், கண்ணகி வந்து வாயிலில் நின்றபோது அவளுக்கு வாய்தா கொடுக்கப்படவில்லை. மொழிபெயர்ப்பாளன் குறுக்கே நிற்கவில்லை. அவள் மொழியில் அவள் பேசினாள். கேட்ட மன்னனுக்குப் புரிந்தது. புரிந்தமையால்தான் தன் பிழை அவனைச் சுட்டது. மொழி புரியாத மன்றத்தில் கண்ணகி நின்றிருந்தால், சிலம்பு உடைந்திருக்கும், நீதி பிறந்திருக்காது!

*

சார்க்கண்டைப் பேசிவிட்டு நம் வீட்டைப் பேசாதிருந்தால் அது கோழைத்தனம். தமிழ்நாட்டு மக்களில் பழங்குடியினர் நூற்றுக்கு ஒருவர் அளவே. சார்க்கண்டிலோ நூற்றுக்கு 26 பேர். எண்ணிக்கை குறைந்தால் குரலும் குறைகிறது. அதனால்தான் நம் பக்கத்து வீட்டு அழுகை நமக்கு நெடுநாள் கேட்கவில்லை.

தருமபுரி மாவட்டம், சித்தேரி மலை அடிவாரம், வாச்சாத்தி. 1992 ஜூன் 20ஆம் நாள் சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் மலையாளிப் பழங்குடியினரின் அச்சிற்றூருள் புகுந்தனர். ஊர் சூறையாடப்பட்டது, 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். காப்போரே கள்வராயினர்! 1995ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுக்கு ஆணையிட்டது. 269 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி மன்றம் தீர்ப்பளித்தபோது 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீடு. மீண்டும் 12 ஆண்டுகள். 2023 செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. ஒரு தலைமுறையே கழிந்த பின் வந்த நீதி!

ஆயினும், இந்த வழக்கில் ஒரு செயல் நடந்தது. நம் மாணவனின் கேள்விக்கு அதுவே விடை. தீர்ப்பளிக்குமுன், 2023 மார்ச்சில், நீதிபதி வேல்முருகன் சென்னையை விட்டுப் புறப்பட்டு வாச்சாத்திக்கே சென்றார். நிகழ்ந்த இடத்தைக் கண்ணால் கண்டார்; மக்களை நேரில் கேட்டார். நீதி அன்று மலையடிவாரம் நோக்கி நடந்தது. ஆக, நீதியால் நடக்க முடியும்! நடக்க மறுத்த நாட்களே மிகுதி என்பதுதான் நம் குறை.

அந்த ராஞ்சி மன்றத்துக்கும் நம் பக்கத்து ஊர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 2013 நவம்பர் முதல் 2014 ஆகஸ்ட் வரை சார்க்கண்ட் உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக வீற்றிருந்தவர் பானுமதி அம்மையார். பின்னர் உச்சநீதிமன்ற நீதிபதியானவர். அவர் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய இடங்கள் எவை? திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர். ஜவ்வாது மலையும் சித்தேரி மலையும் சூழ்ந்த சிற்றூர் மன்றங்கள்! அந்த வாசல்களில் மலையிறங்கி வந்து காத்திருந்தோரைப் பார்த்து வளர்ந்த ஒருவர், மலைநாட்டின் தலைமை மன்றத்துக்கே தலைவரானார். நம் வகுப்பு மாணவரும் மாணவியரும் இதை அறிய வேண்டும்.

*

இனி நாம் செய்ய வேண்டுவது என்ன? சட்டம் ஒன்று உண்டு. அதை அறிந்தோர் சிலர். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பழங்குடியைச் சேர்ந்த எவரும் இலவச வழக்கறிஞரைப் பெறும் உரிமை உடையவர். வருமானக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. நம் மாணவனின் தந்தைக்கு இது தெரியாது. வட்டிக்குக் கடன் வாங்கி வழக்கு நடத்துகிறார். தெரியாமை அவர் குற்றமன்று. தெரிந்தும் சொல்லாத நம் குற்றம். படித்தவர்களாகிய நாம் மலையை வலம் வரும் கூட்டத்தைப் பார்க்கிறோம். மலையிறங்கி வரும் மனிதனைப் பார்ப்பதில்லை.

168 ஆண்டுகள் போராடி மலைநாடு தன் மன்றத்தை அடைந்தது. அந்த மன்றம் உண்மையில் அவர்களுடையதாக இன்னும் எத்தனை தொலைவோ! மன்றம் எழுப்புவது அரசின் கடமை. மன்றத்துக்கும் மனிதனுக்கும் இடையே கிடக்கும் எழுத்தறியாமையும் அச்சமும் அறியாமையும் ஆகிய பள்ளத்தை நிரப்புவது யார் கடமை? ஆசிரியர் கடமை, மாணவர் கடமை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவர் கடமை.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவனை அழைத்தோம். "நீதி மேலே ஏறி வருமா என்று கேட்டாயே, வரும். ஆனால், தானாக வராது, யாரேனும் கைப்பிடித்து அழைத்து வர வேண்டும்" என்றோம். அவன் தலையசைத்தான். நம்பினானா என்பது தெரியவில்லை.

அடுத்த வாய்தா எந்நாள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டோம். அன்று அவன் பள்ளியிலேயே இருக்கட்டும், பாடம் கேட்கட்டும். அழைப்பைப் படித்துச் சொல்லவும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கதவைத் தட்டவும், அவன் தந்தையோடு நாம் போகிறோம்.